எண்ணெய் விலை ஏறினால் வாக்குப்பெட்டி சுருங்குமா?

வெள்ளவத்தைவாசி
வெள்ளி, இரவு 8.40

2022 ஜூன் மாதம், நம் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, கொழும்பு காலி வீதியில் ஒரு பெற்றோல் வரிசையில் இரண்டு பகலும் ஓர் இரவும் நின்றவன் நான். இயந்திரத்தை இயக்கினால் டாங்கில் இருக்கிற கடைசித் துளியும் போய்விடும் என்பதால் வண்டிகளைக் கையால்தான் தள்ளினோம். முன்னால் நின்ற ஓட்டோவை நான் தள்ளினேன். என் காரை அந்த ஓட்டோக்காரரும் அவர் மகனும் தள்ளினார்கள். லீற்றர் 470 ரூபாய் கொடுத்து நிரப்பிய கையோடு, சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த ஜூலை 9ஆம் திகதியும் வந்தது. ஐந்தாம் நாள் ஜனாதிபதி பதவி விலகினார்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எண்ணெய் விலை ஏறினால் வாங்குகிற நாட்டில் ஆட்சி ஆட்டம் காண்கிறது. விற்கிற நாட்டிலோ ஆட்சியாளர் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். விலை விழும்போதுதான் அங்கே கதவு திறக்கிறது.

சான்று வேண்டுமா? 1986இல் விலை பாதிக்கு மேல் சரிந்தது. 1988இல் அல்ஜீரியாவில் கலவரம், 1989இல் பல கட்சி முறை. 1991இல் சோவியத் ஒன்றியமே இல்லை. 1998இல் பீப்பாய் 10 டொலர் அளவுக்கு வந்தது. அந்த ஆண்டு இந்தோனேசிய ஜனாதிபதி சுகார்தோ போனார்; அடுத்த ஆண்டு நைஜீரியாவில் இராணுவ ஆட்சி முடிந்தது. பிறகு விலை ஏறத் தொடங்கி 2008 ஜூலையில் 147 டொலரைத் தொட்டது. இடையில் ரஷ்யாவில் புட்டின் 2004இல் ஆளுநர் தேர்தல்களை ஒழித்தார். சாவேஸ் வெனிசுவேலாவில் நீதிமன்றம் முதல் தொலைக்காட்சி வரை கைக்குள் கொண்டுவந்தார். அமெரிக்கப் பத்திரிகையாளர் தோமஸ் ஃபிரீட்மன் 2006இல் இதை ஒரு விதி என்றே எழுதினார்: எண்ணெய் விலையும் சுதந்திரமும் எதிரெதிர்த் திசையில் நகரும். என் கட்சி அதுதான். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

தெஹிவளைக் காகம்
வெள்ளி, இரவு 8.52

விலை இறங்க வேண்டும் என்று கதிர்காமத்துக்கு நேர்த்தி வைப்போம். அரேபியாவுக்கு ஜனநாயகம், எனக்கு ஓட்டோக் கட்டணத்தில் கழிவு.

கணக்குப்பிள்ளை
வெள்ளி, இரவு 10.15

வெள்ளவத்தை அண்ணா, பட்டியல் அழகாக இருக்கிறது. பொருந்துகிற ஆண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்தப் பட்டியலும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில் நம் வீட்டுக் கணக்கு. 2022இல் நம்மை வரிசையில் நிறுத்தியது உலக விலை அல்ல, டொலர் இல்லாமை. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு வெட்டினார்கள். பிறகு சுற்றுலா படுத்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டொலர், 2022இல் 380 கோடிகூட இல்லை. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 2021 நவம்பரிலேயே மசகு எண்ணெய் வாங்கக் காசில்லாமல் மூடப்பட்டதே, அப்போது உக்ரைன் போர் தொடங்கவில்லை.

அடுத்தது சுகார்தோ. அவரை வீழ்த்தியது ஆசிய நிதி நெருக்கடியும் ரூபியாவின் சரிவும். இதில் ஒரு வேடிக்கை: உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்து கிடந்த 1998 மே மாதத்தில், மானியத்தை வெட்டி உள்நாட்டில் எரிபொருள் விலையை அவர் ஏற்றினார். அதே மாதம் 21ஆம் திகதி பதவி போயிற்று. சனம் பார்ப்பது நியூயோர்க் விலையை அல்ல, சந்தியில் இருக்கிற பெற்றோல் செட்டின் பலகையை.

கடைசியாக ஈரான். 1978இல் விலை விழவில்லை. 1973க்கு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். மன்னர் ஷா ஆயுதமாக வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். அந்த உச்சத்தில்தான் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து குழாயை மூடினார்கள். உங்கள் விதி அங்கே எந்தப் பக்கம் நிற்கிறது?

ஓய்வுபெற்ற வாத்தியார்
சனி, காலை 6.20

தம்பிமார் இருவருமே விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். விலையைவிட்டுக் காசு எந்த வாசலால் அரசாங்கத்துக்குள் வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கு வீட்டோடு ஒட்டிய சின்ன வீடுகள், அதாவது அனெக்ஸ், மூன்று. மூன்றும் வாடகைக்கு. பிள்ளைகள் உழைத்துக் கொடுத்து வீடு நடக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆகவே அந்த வீட்டில் எந்த முடிவுக்கும் பிள்ளைகளைக் கேட்பதில்லை. கேட்டால் கைச்செலவுக்குக் காசு கிடைக்கும், கணக்கு கிடைக்காது. ஈரானியப் பொருளியலாளர் ஹொசைன் மஹ்தவி 1970இல் தம் நாட்டைப் பற்றி எழுதியதும் ஏறக்குறைய இதுதான். அவர் அதை வாடகையில் வாழும் அரசு என்றார். குடிமக்களிடம் வரி வாங்காத அரசு, குடிமக்களுக்குப் பதில் சொல்லும் பழக்கத்தையும் வளர்ப்பதில்லை.

2001இல் மைக்கேல் ராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பல நாட்டுத் தரவுகளில் சோதித்துப் பார்த்தார். வரி இல்லாமல் வாயை அடைப்பது ஒன்று. அதே காசில் பொலிஸையும் இராணுவத்தையும் கொழுக்க வைப்பது இன்னொன்று. மக்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போய்ச் சங்கம் கட்டும் பாதையே உருவாகாமல் போவது மூன்றாவது. பின்னாளில் அவர் சேர்த்துச் சொன்ன ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1970களுக்கு முன் எண்ணெய் நாடுகளுக்கும் மற்ற நாடுகளுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மேற்கத்தியக் கம்பனிகளிடமிருந்து கிணறுகள் அரசுகளின் கைக்கு வந்த பிறகுதான் வேறுபாடு துலங்குகிறது. தேசியமயமாக்கலைக் கொண்டாடி வளர்ந்த தலைமுறை என்னுடையது. 1960களின் தொடக்கத்தில் நாமும் எண்ணெய்க் கம்பனிகளின் சொத்தை எடுத்தோம். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகப் பேசினார்கள். ஆகவே இதை எழுதுவது எனக்கு இனிப்பாக இல்லை.

நிலா
சனி, காலை 9.05

ஐயா, வரி கட்டினால் குரல் வரும் என்பதை நான் முழுதாக நம்பவில்லை. சவூதி அரேபியா 2018 ஜனவரியில் 5 வீதப் பெறுமதி சேர் வரியைக் கொண்டுவந்தது. 2020இல் விலை விழுந்ததும் ஜூலையில் அதை ஒரே பாய்ச்சலில் 15 வீதமாக்கியது. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவையும் நிறுத்தியது. வரி வந்தது. தேர்தல் எங்கே?

2011ஐயும் பாருங்கள். அரபு நாடுகள் கொதித்தபோது மன்னர் அப்துல்லா ஏறக்குறைய 13,000 கோடி டொலருக்கு வீடு, சம்பளம், வேலை என்று அள்ளி வைத்தார். விலை 100 டொலரைத் தாண்டியிருந்ததால் முடிந்தது. பக்கத்தில் பஹ்ரைனிடம் அந்த அளவு எண்ணெய் இல்லை. அங்கே கொதிப்பை அடக்கச் சவூதிப் படை பாலத்தைக் கடந்து போயிற்று. பணம் எட்டாத இடத்துக்குக் கவச வாகனம் எட்டியது.

கொட்டாஞ்சேனை ஓட்டுநர்
சனி, பிற்பகல் 1.30

நான் புத்தகம் படித்தவன் இல்லை. 2001 முதல் 2012 வரை குவைத்தில் ஒரு வீட்டுச் சாரதியாக இருந்தேன். அந்த வீட்டு முதியவருக்கு அரசியல் பேசாவிட்டால் சோறு இறங்காது. பின் ஆசனத்தில் அவர் பேசியதில் பாதிக்கு மேல் என் காதில் இன்னும் இருக்கிறது.

அவர் விரலை மடித்துச் சொல்லுவார். குவைத் பாராளுமன்றத்தை 1976இல் மூடினார்கள், அப்போது எண்ணெய்க் காசு கொட்டிய காலம். 1986இல் மறுபடி மூடினார்கள், அப்போது விலை தரையில் கிடந்தது. "ஏறினாலும் பூட்டு, இறங்கினாலும் பூட்டு" என்பார். ஈராக்காரன் வந்து போன பிறகு 1992இல்தான் திறந்தது.

பெண்கள் வாக்கு விஷயம் இன்னும் விசித்திரம். 1999இல் அமீரே பெண்களுக்கு வாக்குரிமை தந்து ஆணை போட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டமூலமாகத் திரும்ப வந்தபோதும் இரண்டு வாக்கால் தோற்றது. 2005 மே மாதம்தான் நிறைவேறியது. அப்போது விலை ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு தொகுதிகளைக் குறைக்க வேண்டும், வாக்கு வாங்கும் வியாபாரம் நிற்க வேண்டும் என்று இளைஞர்கள் செம்மஞ்சள் உடுப்போடு இறங்கினார்கள். பாராளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் வைத்தார்கள். பிறகு 25 தொகுதி 5 ஆகியது. பீப்பாய் 70 டொலர் அளவில் இருந்த நேரம் அது. வெள்ளவத்தை ஐயாவின் விதிப்படி அந்தப் பிள்ளைகள் வீட்டில் தூங்கியிருக்க வேண்டும்.

தேர்தல் காலத்தில் ஊரெல்லாம் கூடாரம். உள்ளே கம்பளம், குளிரூட்டி, பெரிய பெரிய தட்டில் சோறும் ஆட்டிறைச்சியும். முதலாளிமார் உள்ளே வாதாடுவார்கள். சாரதிமார் நாங்கள் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நிற்போம். கடைசியில் எங்களுக்கும் தட்டு வரும். ஒரே கூடாரத்தில் நாங்கள் மூன்று சாரதிகள், மூன்று நாட்டுக்காரர்கள், மூன்று வேட்பாளர்களின் சோற்றையும் உண்டோம். ஒரு வாக்கும் எங்களிடம் இல்லை.

2006 ஜூன் 29. வீட்டம்மாவையும் மகளையும் வாக்களிக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அந்த நாட்டில் ஜூன் வெயில் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்கலாம். அம்மா வீட்டிலிருந்து வாசனைத் திரவியம் பூசிப் புது அபாயா போட்டுக் கலியாணத்துக்குப் போவது போலப் போனார். அந்தத் தேர்தலில் ஒரு பெண்ணும் வெல்லவில்லை. 2009இல் நான்கு பேர் வென்றார்கள்.

இப்போது அங்கே என்ன? 2024 மே மாதம் புது அமீர் பாராளுமன்றத்தைக் கலைத்து, நான்கு ஆண்டு வரை மூடி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த முதியவர் இப்போது இல்லை. இருந்தால் மூன்றாவது விரலையும் மடித்திருப்பார்.

வெள்ளவத்தைவாசி
சனி, பிற்பகல் 2.10

ஓட்டுநர் அண்ணா, பெரிய அடி. ஆனாலும் என் விதியைக் குழியில் போடுவதற்கு முன் அல்ஜீரியாவையாவது எனக்கு விடுங்கள்.

நிலா
சனி, பிற்பகல் 3.45

அல்ஜீரியாவை விடவே மாட்டேன், அதுதான் உங்களுக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி.

அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுவதும் எண்ணெயும் எரிவாயுவும்தான். 1962இல் விடுதலை வாங்கித் தந்த கட்சி, ரொட்டியும் வேலையும் தருவோம், அரசியலை எங்களிடம் விடுங்கள் என்று ஒரு பேரம் பேசி வைத்திருந்தது. 1986 சரிவோடு அந்தப் பேரம் உடைந்தது. 1988 ஒக்டோபரில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், படை சுட்டது, அடுத்த ஆண்டு புது அரசியலமைப்பு. இதுவரை நீங்கள் சொன்னது சரி. 1991 டிசம்பரில் முதல் சுற்றுத் தேர்தல் நடந்து இஸ்லாமிய மீட்சி முன்னணி 188 ஆசனங்களை வென்றது. 1992 ஜனவரியில் இராணுவம் இரண்டாம் சுற்றை ரத்துச் செய்தது. அப்போதும் எண்ணெய் மலிவுதான். பத்தாண்டு உள்நாட்டுப் போர். செத்தவர்கள் இலட்சத்துக்கு மேல்.

விலை விழுந்தால் ஆட்சியாளரின் கை தளர்கிறது, அவ்வளவுதான். தளர்ந்த கையிலிருந்து விழுவதை யார் பொறுக்குவார் என்று விலை சொல்வதில்லை. சங்கமும் கட்சியும் நீதிமன்றமும் இருந்தால் ஒரு கதை, துப்பாக்கி மட்டும் இருந்தால் இன்னொரு கதை. வெனிசுவேலாவில் சாவேஸை 1998 டிசம்பரில் வாக்குப்பெட்டி வழியாகக் கொண்டுவந்ததும் மலிவு எண்ணெய்தானே?

கணக்குப்பிள்ளை
சனி, மாலை 5.00

வெனிசுவேலாவை நிலா தொட்டது நல்லது. 1958இலிருந்து நாற்பது ஆண்டு அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. அயல் நாடுகள் பலவற்றில் ஜெனரல்கள் ஆண்ட காலம் அது. இரண்டு பெரிய கட்சிகளும் சண்டை பிடிக்காமல் இருந்ததற்கு எண்ணெய்க் காசும் ஒரு காரணம், ஏனென்றால் தோற்றவனுக்கும் பங்கு இருந்தது. ஆக எண்ணெய் ஜனநாயகத்தை அங்கே தாங்கியது. 1989 பெப்ரவரியில் பெற்றோல் விலையையும் அதோடு பஸ் கட்டணத்தையும் ஏற்றியபோது கராகஸ் எரிந்தது, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பஸ் கட்டணத்தில் தொடங்கியது, சாவேஸில் வந்து நின்றது.

நோர்வேயை யாராவது இழுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 1969இல் எண்ணெய் வந்தபோது அங்கே பாராளுமன்றமும் வரித் திணைக்களமும் பழுத்துக் கிடந்தன. அதைப் பார்த்து மற்றவர்கள் கற்க வேண்டும் என்பது வேலைக்காகாத அறிவுரை. கயானாவைப் பாருங்கள். 2019 டிசம்பரில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள்; 2020 மார்ச்சில் தேர்தல்; முடிவை அறிவிக்க ஓகஸ்ட் வரை ஐந்து மாதம் இழுபறி. ஐந்து மாதமும் இரு பக்கமும் எதை நினைத்துப் பிடிவாதமாக நின்றார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்று: ஹேபர், மெனால்டோ என்ற இருவர் 2011இல் நீண்ட காலத் தரவுகளை ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் வைத்துப் பார்த்து, எண்ணெய் சர்வாதிகாரத்தை வளர்க்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். வாத்தியார் ராஸை மட்டும் கூட்டி வந்ததால் எதிர்த்தரப்பையும் கூட்டி வருகிறேன். என் சொந்த எண்ணம் நடுவில் எங்கோ.

நிலா
சனி, இரவு 7.20

ஓட்டுநர் அண்ணா, ஒரு கேள்வி. 2006இல் வாக்களிக்கப் போன வீட்டம்மா உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

கொட்டாஞ்சேனை ஓட்டுநர்
சனி, இரவு 9.50

சொன்னார் தங்கச்சி. திரும்பி வரும்போது, உங்கள் நாட்டில் பெண்கள் வாக்களிப்பார்களா என்று கேட்டார்.

என் பாட்டி 1947இல் வாக்களித்தார், ஆனால் அம்மா வாக்களிக்கவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. தலைகீழாகச் சொல்கிறாய் என்றார். இல்லை, நேராகத்தான் சொல்கிறேன் என்றேன். எங்கள் குடும்பம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1947 தேர்தலில் எங்கள் சனம் வாக்குப் போட்டு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அம்மாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியது. அப்போது அவருக்கு வயது 45க்கு மேல்.

பாட்டி என்ன வேலை செய்தார் என்று கேட்டார். கொழுந்து எடுத்தார் என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும் வரைக்கும் அவர் பேசவில்லை. மகள்தான் வானொலியைப் போட்டாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
ஞாயிறு, காலை 6.05

நாற்பது ஆண்டு பொருளியல் படிப்பித்தவன், இதை ஒரு நாளும் இந்தப் பக்கமிருந்து பார்க்கவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்தபோது தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றும்தான் நம் ஏற்றுமதி. அரசாங்கத்தின் பெட்டி நிரம்பியது அந்தச் சுங்கத்தால். அந்தக் காசில் இலவசக் கல்வி, இலவச மருத்துவம், மானிய அரிசி. எண்ணெய் இல்லாத எண்ணெய் நாடு என்று சொல்லலாம். கொரியப் போரில் இறப்பர் விலை உச்சிக்குப் போய் விழுந்தது. 1953இல் டட்லி சேனநாயக்க அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார். ஓகஸ்ட் 12 ஹர்த்தால். சில மாதங்களில் பதவி விலகினார். அல்ஜீரியாவின் 1988ஐ நாம் 35 ஆண்டு முன்பே நடத்திப் பார்த்திருக்கிறோம். ஆனால் இங்கே 1956இல் தேர்தல் நடந்தது, ஆட்சி மாறியது, படை முகாமில் இருந்தது. (அந்தத் தேர்தல் நமக்கு எதைக் கொண்டுவந்தது என்பது வேறு இழை. இங்கே தொடங்கினால் நெறியாளர் பூட்டிவிடுவார்.)

நான் அனெக்ஸ் கதை சொன்னேன். அந்தக் கதையில் அனெக்ஸைக் கட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. குவைத்தில் குடிமக்களைவிட வெளிநாட்டுத் தொழிலாளர் தொகை அதிகம். கிணற்றடியிலும் சமையலறையிலும் நிற்பவர்கள் அவர்கள். பங்கு கேட்கவும் வாக்குக் கேட்கவும் முடியாதவர்களும் அவர்களே. இங்கே தேயிலைக்கும் அதேதான் நடந்தது. வித்தியாசம், இவர்கள் வெளியிலிருந்து நேற்று வந்தவர்கள் அல்லர், முன்பு வாக்களித்தும் இருந்தார்கள். எந்த நாடு ஜனநாயகம், எது இல்லை என்று எண்ணுகிற ஆய்வுகள் இருக்கிற வாக்காளரைத்தான் எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் 1950களின் இலங்கைக்கு நல்ல புள்ளி கிடைத்திருக்கும்.

தெஹிவளைக் காகம்
ஞாயிறு, காலை 8.30

பகிடிக்கு வந்தவன், வாயடைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும். மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்தார்களே, வந்தால் நாமும் குவைத் ஆகிவிடுவோமா?

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, காலை 10.40

கண்டுபிடித்த கம்பனி 2015இல் விட்டுவிட்டுப் போய்விட்டது. அப்போது உலக விலையும் சரிந்திருந்தது. யாராவது எடுத்தாலும் நம் கடனுக்கு முன்னால் அது உள்ளங்கைத் தண்ணீர். ஆனால் ஒப்பந்தம் பாராளுமன்ற மேசைக்கு வருமா, மீனவருக்கு என்ன, காசு எந்தக் கணக்கில் விழும் என்ற கேள்விகளைக் குழாய் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். கிழக்குத் திமோர் 2005இலேயே எண்ணெய் நிதிக்குச் சட்டம் போட்டது. நம்மைவிடச் சின்ன நாடு, நம்மைவிடப் பிந்தி விடுதலை பெற்ற நாடு.

நிலா
ஞாயிறு, காலை 11.15

மன்னார் மீனவர்களை யார் கேட்பார் என்பதற்கு ஓட்டுநர் அண்ணாவின் பாட்டி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

வெள்ளவத்தைவாசி
ஞாயிறு, மாலை 6.30

தலைப்பில் "எண்ணெய் விலையின் விதி" என்று போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன், கேள்வியாக மாற்றியிருக்கிறேன். விலை விழுந்தால் கை தளரும் என்பதை மட்டும் விட மாட்டேன்; நிலாவே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இன்று மாதக் கடைசி, நள்ளிரவில் விலை மாற்றுவார்கள். ஏற்றம் என்று கதை அடிபடுகிறது. காலி வீதிச் செட்டில் வரிசை இருக்கிறதா, யாராவது பார்த்தீர்களா?

கொட்டாஞ்சேனை ஓட்டுநர்
ஞாயிறு, மாலை 6.50

இப்போதுதான் அந்தப் பக்கம் ஓர் ஓட்டம் போய் வந்தேன் ஐயா. ஏழெட்டு வண்டிதான் நிற்கிறது. தள்ளத் தேவையில்லை, உருட்டிக்கொண்டே போகலாம்.